முன்வாசல் பரீட்சை

கதவுக்கு அப்பால், உள்ளறையில், தேநீர்க் கோப்பையொன்று தட்டில் கிணுகிணுவென்று நடுங்கும் சத்தம் கேட்டது.

சிந்துஜாவின் பேச்சு அந்த இடத்திலேயே அறுந்தது. "இந்த மண்டபத்தோட கூரை..." என்று தொடங்கியவள், சாத்தியிருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கோப்பை ஏந்தியவரின் கை நடுங்குகிறது என்பது அங்கிருந்த எவருக்கும் விளங்கும். அது யாருடைய கை என்பது சிந்துஜா ஒருத்திக்குத்தான் தெரியும். காய்ச்சல் கண்ட நாட்களில் அவள் நெற்றியில் ஈரத்துணி போட்ட கை. பள்ளிக்கூடம் போகுமுன் இரட்டைப் பின்னல் போட்டுவிட்ட கை. அவளைப் பெற்றவளின் கை.

"என்ன மகள், நிப்பாட்டிட்டீங்க? கூரைக்கு என்ன? ஒழுகுதா?"

கேட்டவர் அனீஸா மெடம். அலவத்துகொடைக்காரர். வீடு காணி விற்கும் தொழிலில் கண்டியில் அவரை அறியாதவர் இல்லை. இன்றைக்கு அவருக்கு இரண்டு வேடம். மலைநாட்டுக் காணி முகவர் சங்கத்தின் பரீட்சகர் என்பது ஒன்று. வீடு வாங்க வந்தவர் போல நடிப்பது மற்றொன்று. நடிப்புத்தான். ஆனாலும் சுவரைத் தட்டிப் பார்ப்பதிலும், மூலைக்கு மூலை ஈரம் மோந்து பார்ப்பதிலும் உண்மையாகவே வாங்க வருபவர்களைத் தோற்கடித்துவிடுவார்.

"ஒழுகல மெடம். ஓடெல்லாம் புதுசா மாத்தினது. மேற்குப் பக்கத்துல மழைத் தண்ணி போற பீலி மட்டும் துருப்பிடிச்சிருக்கு. அத மாத்தணும்."

"ம்" என்று அனீஸா மெடம் எதையோ குறித்துக்கொண்டார்.

மூலையில் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்திருந்த ராஜரத்தினம் ஐயா கண்ணை இறுக மூடித் திறந்தார். சிந்துஜாவின் முதலாளி அவர். வீட்டின் குறையைத் தரகரே சொன்னால் மார்க் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும், குறையைச் சொல்லி வீடு விற்பதைக் காதால் கேட்க அவரால் முடியவில்லை. பரீட்சை முடியும்வரை அவர் வாய் திறக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அது அவருக்கு அதைவிடப் பெரிய சோதனை.

சங்கம் கொடுக்கும் அனுமதிப்பத்திரம் இல்லாத தரகரைக் கண்டியில் நல்ல நிறுவனம் எதுவும் சேர்த்துக்கொள்வதில்லை. முதலில் எழுத்துப் பரீட்சை. அதில் சித்தியடைந்தால் ஒரு வீட்டைச் சுற்றிக் காட்டும் செயன்முறைப் பரீட்சை. அதில் இரண்டு தடவை தவறியவரின் பெயரை அடித்துவிடுவார்கள். சிந்துஜா ஒரு தடவை தவறிவிட்டாள். இன்றைக்கும் தவறினால் வாழ்நாள் முழுக்க ராஜரத்தினம் ஐயாவின் கந்தோரில் ரெலிபோனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அவள் முதல் தடவை தவறிய கதையைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

சிந்துஜா பிறந்தது கலஹா வீதியோரத்துத் தேயிலை மலையில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றையறைக் காம்பராவில். அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர், அங்கே வேறு குடும்பமாகி, ஒரு தீபாவளிக்குக்கூடத் திரும்பி வரவில்லை. அம்மா நல்லம்மா, லயத்துக்கு மேலே இருந்த பங்களாவில் சமையல் வேலைக்குப் போய் மகளை வளர்த்தாள்; பிறகு அங்கேயே சமையலறைக்குப் பின்னால் ஒரு அறையில் தங்கிவிட்டாள். உயர்தரம் முடித்த சிந்துஜா கண்டி நகரத்துப் புடைவைக் கடையொன்றில் கால் வீங்க நின்றாள். பிறகு ராஜரத்தினம் ஐயாவின் காணி விற்பனைக் கந்தோரில் ரெலிபோன் வேலை கிடைத்தது. நகரத்தில், மகியாவையில் ஒரு சிறு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் ஐயாவுக்குக் காய்ச்சல். கட்டுகஸ்தோட்டையில் ஒரு துண்டுக் காணி பார்க்க வந்த இளம் தம்பதியைச் சிந்துஜாதான் கூட்டிப்போனாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லைக் கல்லிலிருந்து எல்லைக் கல்வரைக்கும் வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். பிறகு நடுவில் குந்தியிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு, "இதெல்லாம் எங்கடயாகப் போகுதா, மிஸ்?" என்று கேட்டு அழுதுவிட்டாள்.

சிந்துஜாவும் அழுதாள். ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. அவளுடைய பாட்டன், பூட்டன், அவர்களைப் பெற்றவர்கள் எல்லாரும் இந்த மலையில் உழைத்து இந்த மலையிலேயே புதைந்தவர்கள். அவர்களில் ஒருவருக்கும் கால் வைக்கும் அளவு மண் சொந்தமாக இருந்ததில்லை. படுத்த காம்பரா தோட்டத்துடையது. ஏன், புதைந்த குழிகூடத் தோட்டத்துடையது. 'ஒருத்தர் காலுக்குக் கீழ இருக்கிற மண்ண அவருக்கே சொந்தமாக்கிக் குடுக்கிற வேலை! இதவிட எனக்கு வேற என்ன வேணும்?' என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

பஸ்ஸிலும் பாயிலும் படித்தாள். காணி உறுதிப்பத்திரம், நில அளவைப் படம், வழியுரிமை, மண்சரிவுச் சான்று என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லுமளவுக்குப் படித்தாள். எழுத்துப் பரீட்சையில் அவளுக்கு மேல் ஒரேயொருவர்தான்.

பிறகு அம்பிட்டியில் அந்தப் பழைய மாடி வீடு. முதல் செயன்முறைப் பரீட்சை. பரீட்சகர் இதே அனீஸா மெடம்.

வாகனத்திலிருந்து இறங்கினாள். "வாங்க மெடம், வீட்டப் பாப்போம்" என்று கம்பீரமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு நடந்தாள். முன்வாசலைத் தாண்டி, சுவரோரமாக, விறகுக் குவியலைச் சுற்றி, துணி துவைக்கும் கல்லைக் கடந்து, சங்கிலியில் கட்டியிருந்த நாய் குரைக்கக் குரைக்க நடந்தாள். அனீஸா மெடமும் சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். சமையலறைப் படியில் சிந்துஜா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "உள்ள வாங்க மெடம்" என்றாள்.

அனீஸா மெடம் அந்தச் செருப்பைப் பார்த்தார். அவள் கட்டிய கையைப் பார்த்தார்.

"நீங்க வீட்ட விக்க வந்தீங்களா மகள், இல்லாட்டி விறகு போட வந்தீங்களா?"

அப்போதுதான் சிந்துஜாவுக்குத் தான் நிற்குமிடம் தெரிந்தது. தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பங்களாவின் முன்வாசல் என்பது தூரத்திலிருந்து பார்க்கிற பொருள். பின்பக்கப் பாதைதான் அவர்களுடையது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மாவின் வேலை முடியும்வரை விறகுக் கொட்டிலில் குந்தியிருந்து வளர்ந்தவள் அவள். தலை எல்லாவற்றையும் படித்துவிட்டது. கால் மட்டும் படிக்கவில்லை!

"முன்வாசல் தெரியாத புரோக்கர்கிட்ட ஆரு வீடு வாங்குவாங்க?" என்று சொல்லி அனீஸா மெடம் பேனையை மூடினார். பரீட்சை தொடங்குமுன்பே முடிந்துவிட்டது.

கந்தோரில் ராஜரத்தினம் ஐயா கோபிக்கவில்லை. சிரித்தார். "கள்ளனும் புரோக்கரும் ஒண்டில்லைப் பிள்ளை. கள்ளன்தான் பின்பக்கத்தாலை வாறவன்" என்றார். அவளும் சிரித்து வைத்தாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள். நல்லம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"நான் பழக்குனதுதானேடி" என்றாள். "முன்னுக்குப் போவாத, சீமெந்துல கால் வைக்காத, தொரசானி பாத்தா ஏசுவாங்கன்னு நாந்தானே ஒன்னைய இழுத்து இழுத்துப் பின்னுக்கு விட்டேன். என் வாயாலதாண்டி ஒனக்கு பெயிலு."

"அழுவாதம்மா. நீ பழக்குனத நானே மாத்திக்கிறேன்."

மாற்றிக்கொள்ளத்தான் செய்தாள். கண்டி நகரத்தில் முன்கதவு என்று ஒன்று இருந்த இடத்துக்கெல்லாம் போனாள். ஒரு காரணமும் இல்லாமல் வங்கிக்குள் நுழைந்து வெளியே வந்தாள். நகைக்கடையில் நுழைந்து ஒரு மூக்குத்தியைக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். வாவிக்கரையில் இருந்த பெரிய ஹோட்டலில் காவலாளி கதவைத் திறந்துவிட்டுச் சல்யூட் அடித்தபோது, பயந்துபோய்ப் பதிலுக்குத் தானும் சல்யூட் அடித்துவிட்டாள். அடுத்த நாளும் அங்கேயே போனாள். அன்றைக்குச் சல்யூட் அடிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராக உள்ளே நடந்தாள்.

இரண்டாவது பரீட்சைக்கு நாள் குறித்தார்கள். வீட்டை முதலாளிதான் ஏற்பாடு செய்ய வேண்டும். ராஜரத்தினம் ஐயா உற்சாகமாக வந்து மேசையில் தட்டினார்.

"பிள்ளை, உனக்கு ராசியான ஒரு வீடு வந்திருக்கு. கலஹா றோட்டிலை, பழைய துரையின்ரை பங்களா. மனுசியும் போன வருசம் மோசம் போட்டுதாம். மகன் மெல்பேர்னிலை. வெறும் வீடு, உடனை விக்கச் சொல்லுறான்."

அது சிந்துஜாவின் அம்மா சமைக்கும் பங்களா. துரையின் மனைவி துரைசானி இறந்த பிறகு, சாவிகள் கோத்த திறப்புக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் அறையில் அம்மா தன்னந்தனியாகக் காவல் இருக்கும் பங்களா! அம்மா ஊரில் இருக்கிறார் என்பதற்கு மேல் அவள் கந்தோரில் எதுவும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் வேறு வீடு தேட வேண்டும், நாள் தப்பும், அடுத்த பரீட்சை எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள்.

அம்மாவோ ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "நீ என்னைய தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. வேலைக்காரி மகள்னு தெரிஞ்சா அந்த அம்மா பாஸ் போடுவாங்களா? நான் உள்ளறைய விட்டு வெளிய வரவே மாட்டேன். இது என் தல மேல சத்தியம்."

"வீடு வித்துட்டா நீ எங்கம்மா போவ?"

"அத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நீ பாஸாவு."

இன்று காலையில் வாகனம் வந்து நின்றபோது, பின்பக்கம் போகும் ஒற்றையடிப் பாதையைச் சிந்துஜாவின் கண் தானாகத் தேடியது. புல் முளைக்காமல் கிடந்த அந்தப் பாதையில் பாதி அவள் கால் தேய்த்தது. கால் அந்தப் பக்கம் ஒரு கணம் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்படியில் ஏறினாள். கதவைத் திறந்தாள். செருப்போடு உள்ளே போனாள். கண்ணாடிபோல் பளபளத்த அந்தச் சிவப்புச் சீமெந்துத் தரை, அம்மா முழங்காலில் நின்று தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து வளர்த்த பளபளப்பு. வைத்த ஒவ்வோர் அடியும் அம்மாவின் முதுகில் வைத்தது போலிருந்தது. ஆனாலும் நடந்தாள். நடுமண்டபத்தில் போய் நின்று திரும்பி, "வாங்க மெடம்" என்றாள்.

அனீஸா மெடத்தின் உதட்டோரத்தில் ஒரு சின்ன அசைவு. அவ்வளவுதான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவர் ராஜரத்தினம் ஐயா. காவலுக்கு யாரோ பகலில் வந்து போவதாக மட்டும் அறிந்தவர், வாகனத்திலிருந்து இறங்கியவுடனேயே, பரீட்சை தொடங்குமுன் உள்பக்கம் பார்த்து, "ஆரப்பா உள்ளுக்கை? மெடத்துக்கு ஒரு தேத்தண்ணி போடுங்கோ!" என்று உபசாரமாகக் கத்திவிட்டார். பங்களாவில் கேட்ட குரலுக்கு வராமல் இருக்க நல்லம்மாவுக்குத் தெரியாது. தலை மேல் செய்த சத்தியத்தைவிடப் பழக்கம் பெரிது.

அந்தக் கோப்பைதான் இப்போது கதவுக்கு அப்பால் நடுங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. நல்லம்மா தட்டை ஏந்திக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல், சுவரை ஒட்டியே வந்தாள். தரையில் அவளுடைய வெறுங்கால் சத்தமே எழுப்பவில்லை. கோப்பையை அனீஸா மெடத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, "சீனி போட்டிருக்குங்க தொரசானி" என்று தரையிடம் சொன்னாள்.

அனீஸா மெடம் ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே, வாங்க வந்தவரின் குரலில் கேட்டார்.

"எல்லாம் சரி மகள். இந்த வீட்ல ஆராச்சும் குடி ஈக்கிறாங்களா? காசக் குடுத்துத் திறப்ப வாங்கினா, நான் நேரா வந்து இருக்க ஏலுமா?"

வீடு வாங்குபவர் கேட்கும் கேள்விகளிலேயே பெரிய கேள்வி அது. ஆள் இருக்கும் வீட்டை ஆள் இல்லை என்று விற்ற தரகரின் பெயர் அதோடு போய்விடும் என்று எழுத்துப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் சிந்துஜா.

மூலையில் ராஜரத்தினம் ஐயா, சொல்லு சொல்லு என்பது போலத் தலையை ஆட்டினார். வெறும் வீடு. இரண்டே சொல். கதவருகே நின்ற நல்லம்மாவும் கண்ணால் கெஞ்சினாள். சொல்லிடு கண்ணு. சொல்லிட்டுப் பாஸாவு.

சொல்லலாம். சொன்னால் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அதை வாங்கித்தந்த அந்த வாயால்தான், அம்மாவின் தகரப் பெட்டிக்கும் பாய்க்கும் இந்த உலகத்தில் இடமே இல்லை என்று அவள் சொல்லியிருப்பாள். பெற்ற மகளே சொல்லியிருப்பாள்!

சிந்துஜா நிமிர்ந்தாள்.

"இருக்காங்க மெடம். ஒருத்தங்க குடியிருக்காங்க. சமையலறைக்குப் பின்னுக்கு ஒரு அறை இருக்கு. பல வருஷமா அதுலதான் இருக்காங்க."

"ஆரு?"

"இதோ நிக்கிறாங்களே, இவங்கதான். பேரு நல்லம்மா." கதவருகே நின்றவளைக் கையால் காட்டினாள். "என்னோட அம்மா."

ராஜரத்தினம் ஐயா கதிரையோடு எழும்பிவிட்டார். "என்ன பிள்ளை கதைக்கிறாய்? உனக்கு விசரே? ஏன் எனக்கு..."

"நீங்க பேச ஏலா, ராஜரத்தினம். இரிங்கொ." அனீஸா மெடம் விரலைத்தான் தூக்கினார். ஐயா உட்கார்ந்துவிட்டார்.

அப்போது நல்லம்மா ஓடி வந்தாள். மண்டபத்தின் நடுவுக்கே வந்துவிட்டாள். வந்தது அவளுக்கே தெரியவில்லை.

"இல்லீங்க தொரசானி! இந்தப் புள்ள ஏதோ ஒளறுது. இது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நான் வெறும் வேலைக்காரி. எனக்குப் புள்ளகுட்டியே கெடையாதுங்க. இன்னைக்கே வேணும்னாலும் போயிருவேன். வீடு காலிதாங்க. காலி வீடுதாங்க!"

பெற்ற வயிறு, பெறவே இல்லை என்று சொன்னது. இதைக் கேட்கவா சிந்துஜா இவ்வளவும் படித்தாள்? அவள் போய் அம்மாவின் கையைப் பிடித்தாள். நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"போதும்மா. மெடம் கேட்டது என்கிட்ட. பதில் சொல்ல வேண்டியவ நான்."

அனீஸா மெடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரலில் இரக்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

"மகள், சங்கத்துச் சட்டம் தெரியுமா? சொத்தோட உங்களுக்கு ஒரு தொடர்பு ஈந்தா, வீட்டக் காட்ட முந்தி சொல்லணும்."

"தெரியும் மெடம். வாசல்லயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். அதுக்கு மார்க்க வெட்டுங்க, பெயில்னாலும் போடுங்க. ஆனா இது காலி வீடுன்னு மட்டும் என் வாயால வராது."

மேற்குப் பக்கத்துப் பீலியிலிருந்து நேற்றைய மழை சொட்டிக்கொண்டிருந்தது.

"பரீட்சை இன்னும் முடியல்ல" என்றார் அனீஸா மெடம். "நான் வீடு வாங்க வந்தவ. ஆள் ஈக்கிற அறையப் பாக்காம எப்புடி வாங்க? காட்டுங்கொ."

சிந்துஜா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உள்ளறையைக் கடந்து, சமையலறையைக் கடந்து, அம்மாவின் அறைக்குக் கூட்டிப்போனாள். மண்டபத்தைக் காட்டிய அதே குரலில் அதையும் காட்டினாள்.

"ஒரே சன்னல் மெடம். காலையில மட்டும் வெளிச்சம் வரும். இந்தச் சுவர்ல ஈரம் ஊறுது, பாருங்க, தொட்டாத் தெரியும். மின்சாரம் இருக்கு. தனிக் குழாய் இல்ல. இந்த அறைக்கு முன்வாசல்னு ஒண்ணு கெடையாது. விறகுக் கொட்டில் பக்கத்தாலதான் வரணும், போகணும்."

கட்டிலின் கீழே நீலத் தகரப் பெட்டி. சுவரில் முருகன் படம். அதற்குப் பக்கத்தில், முருகனுக்குச் சமமான உயரத்தில், இரட்டைப் பின்னலும் பள்ளிக்கூடச் சீருடையுமாக ஒரு சிறுமியின் படம். அனீஸா மெடம் அந்தப் படத்தையும் பார்த்தார், நல்லம்மாவையும் பார்த்தார்.

"புள்ளகுட்டியே இல்லன்னீங்க?"

நல்லம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அனீஸா மெடம் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். விறகுக் கொட்டில். துவைக்கிற கல். ஒற்றையடிப் பாதை. வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்பிட்டியில நீங்க ஏன் பின்னால போனீங்கன்னு இப்ப வெளங்குது மகள்" என்றார். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டு, "ஆனா எனக்கு வெளங்கினதுக்கெல்லாம் மார்க் போட ஏலா" என்றார்.

மண்டபத்துக்குத் திரும்பினார்கள். அவர் எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். சிந்துஜா நின்றுகொண்டே இருந்தாள். ராஜரத்தினம் ஐயா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து அது நனைந்துபோயிருந்தது.

"பிந்திச் சொன்னதுக்கு வெட்டியீக்கேன். நல்லா வெட்டியீக்கேன். முன்கதவத் திறந்து வந்ததுக்குப் போட்டீக்கேன். பீலிக்குப் போட்டீக்கேன். ஆள் ஈக்குன்னு சொன்னதுக்குப் போட்டீக்கேன்." பேனையை மூடினார். "எல்லாம் போக மிஞ்சினது பாஸுக்குப் போதும். மட்டுமட்டாத்தான். ஆனாப் போதும்."

சிந்துஜாவுக்கு அது காதில் விழுந்து நெஞ்சுக்கு இறங்க நேரம் எடுத்தது. இறங்கியதும் பக்கத்திலிருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கதிரைகளில் ஒன்றில்கூட அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. இப்போதும் உட்காரவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாள்.

"இனி நீங்க பேசலாம், ராஜரத்தினம்" என்றார் அனீஸா மெடம். "பேச முந்தி ஒண்டு. ஆள் ஈக்கிற வீட்ட வெறும் வீடுன்னு விளம்பரம் போட வேணாம்."

"ஓம், ஓம். எனக்கென்ன தெரியும் மெடம்? பெடியன் சொன்னதைத்தானே நான் சொன்னனான்." ஐயா பெருமூச்சுவிட்டார். "இண்டைக்கே அவனுக்கு ரெலிபோன் எடுக்கிறன். இவ்வளவு காலம் சமைச்சுப் போட்ட மனுசிக்கு ஒரு ஒழுங்கு செய்யாமல் இந்த வீட்டை நான் தொடமாட்டன் எண்டு சொல்லுறன். கத்துவான். கத்தட்டும்." பிறகு சிந்துஜாவின் பக்கம் திரும்பினார். "உன்னோடை திங்கக்கிழமை கதைக்க இருக்கு. என்ரை நெஞ்சிலை கைவச்சுப் பார், இன்னும் இடிக்குது. ஒரு சொல்லு முதலே சொல்லியிருக்கலாமே பிள்ளை?"

"தப்புத்தான் ஐயா."

"தப்புத்தான். திங்கக்கிழமை வரேக்கை அந்த ரெலிபோன் மேசையிலை இராதை. சன்னலோரத்திலை ஒரு மேசை சும்மா கிடக்கு. அதிலை இரு."

அவர் வாகனத்தைத் திருப்பப் போனார். அனீஸா மெடம் முன்வாசல்வரை வந்தவர், படியில் கால் வைக்காமல் நின்றார்.

"அவங்க எங்க? தேத்தண்ணி தந்தவங்ககிட்டச் சொல்லாமப் போக ஏலாதே?"

நல்லம்மா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் மறைந்திருந்தாள்.

"அம்மா, வாங்க" என்று சிந்துஜா கூப்பிட்டாள். "இங்க வாங்க. முன்னுக்கு."

நல்லம்மா வந்தாள். சுவரோரமாகவே தொடங்கினாள். பாதியில் சிந்துஜா போய்த் தோளில் கைவைத்து அவளை நடுவுக்குக் கொண்டுவந்தாள். தான் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்த தரையின் நடுவில், முதல் தடவையாக, நிமிர்ந்து நடந்து வந்தாள் நல்லம்மா.

"போய்ட்டு வாறேன் ராத்தா" என்று சொந்த அக்காவிடம் சொல்வதுபோல் சொன்னார் அனீஸா மெடம். "தேத்தண்ணி நல்லா ஈந்திச்சி."

தொரசானி என்று சொல்ல வந்த நல்லம்மாவின் வாய் பாதியில் நின்றது. "சரிங்க... பாத்துப் போங்க தாயி" என்றாள்.

வாகனம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கிப் போகும் சத்தம் ஓய்ந்தது. திறந்திருந்த கதவு வழியாக மலைக்குளிர் உள்ளே வந்தது.

"கதவச் சாத்தும்மா" என்றாள் சிந்துஜா.

"எந்தக் கதவடி?"

"இதத்தான்."

நல்லம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய கதவின் பித்தளைக் கைப்பிடியை அவள் துலக்கியிருக்கிறாள், பிடித்து இழுத்ததில்லை. இப்போது பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்து, மகளைத் தன் பக்கத்தில் உள்ளேயே வைத்துக்கொண்டு, முன்வாசல் கதவை மெல்லச் சாத்தினாள்.